வெலிங்டன் பட்டாளத்தின் பந்தாட்டம்

வடசென்னையில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பந்தை உதைக்கும் வாலிபனுக்கு அது உத்தியோகத்தின் வாசற்படி. ரயில்வே, துறைமுகம், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பாங்கிகள், போலீஸ், பட்டாளம் ஆகிய ஸ்தாபனங்கள் நெடுங்காலமாகக் கோஷ்டிகள் நடத்தி, ஆட்டத்தில் கெட்டிக்காரனைச் சேர்த்துக்கொண்டு சம்பளம் கொடுத்து வந்திருக்கின்றன. இதனால் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் தலையெடுத்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வாசற்படி யாருடைய வீட்டைச் சேர்ந்தது? வீட்டுக்காரன் கதவைச் சாத்திவிட்டால் பிள்ளைகளின் கதி என்ன? இக்கேள்விகளுக்கு விடை காண விரும்புவோர் நீலகிரியிலுள்ள வெலிங்டனின் கதையை அறிந்துகொள்வது நலம்.

நமது தேசத்தில் கால்பந்தை முதலில் வளர்த்தது ராணுவமே. இந்திய சர்க்காரின் அயல்நாட்டுக் காரியதரிசியாயிருந்த ஸர் மார்ட்டிமர் டுராண்டின் பெயரால் 1888-ல் சிம்லாவில் தொடங்கிய கோப்பைப் பந்தயம், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக ஏற்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் அது பிரிட்டிஷ் பட்டாளங்களின் ஏகபோக உரிமையாகவே இருந்தது. 1911-ல் மோகன் பகான் வீரர்கள் கல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தைத் தோற்கடித்து ஐ.எப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியபோது தேசம் முழுவதும் அடைந்த பூரிப்பு சரித்திரப் பிரசித்தம். டுராண்ட் கோப்பை ஓர் இந்தியக் கோஷ்டியின் கைக்கு வர மேலும் 29 வருஷங்கள் பிடித்தன. 1940-ல் டில்லியில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் அதைச் சாதித்தது.

சுயராஜ்யம் வந்த பிறகு, வெள்ளையர் விட்டுச் சென்ற இடத்தில் நமது ஜவான்கள் நின்றார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர்கள் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி நிலையத்தார். தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடியர் ஆகிய நால்வகைத் தென்னாட்டாரும் தோளோடு தோள் நிற்கும் பட்டாளம் அது. ‘அடி கொல்லு’ என்ற அதன் போர் முழக்கத்தைக் கேளாதவர் இல்லை. 1955-ல் இந்தக் கோஷ்டி டுராண்ட் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்றது இந்திய விமானப்படை. 1958-ல் மறுபடியும் வென்றது. அப்போது எதிரி கூர்க்கா பிரிகேட். இரு தடவையும் இறுதி ஆட்டத்தில் மோதிய இரு தரப்பாரும் ராணுவத்தினரே என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் ராணுவக் கால்பந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இந்நிலையத்தார் தேசத்துக்கு அளித்த பெருங்கொடை பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத் ராஜ்யத்தில் பிறந்து, செகந்திராபாத்தில் முன்னணி ஆட்டக்காரராக இருந்த இவரை, கோல் காப்பவராக மாற்றியது வெலிங்டன்தான். இரண்டு டுராண்ட் வெற்றிகளிலும் அவர் பங்கு கொண்டார். 1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக் பந்தயத்துக்கும் 1960-ல் ரோமாபுரிக்கும் சென்றார். அதே 1960-ல் ராணுவக் கோஷ்டிக்குத் தலைமை வகித்து ஸந்தோஷ் கோப்பையை வென்று தந்தார். 1962-ல் ஜகார்த்தாவில் இந்தியா ஆசியத் தங்கப் பதக்கம் பெற்ற கோஷ்டியிலும் அவர் இருந்தார்.

இவ்வெழுச்சிக்குக் காரணம் யாது? அந்நாளில் பந்தாட்டத்தை மட்டும் நம்பி வயிறு வளர்க்க முடியாது. பட்டாளமோ சோறும் துணியும் சம்பளமும் பென்ஷனும் கொடுத்தது. மைதானம் சொந்தம், வைத்தியர் உண்டு, விடியற்காலைத் தேகப்பயிற்சி கட்டாயம். ஆட்டக்காரர்கள் ஒரே கொட்டகையில் உண்டு உறங்கிப் பழகியவர்கள். ஒருவன் எங்கே ஓடுவான் என்பது மற்றவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தமது பட்டாளத்தின் பெயர் கோப்பையில் பொறிக்கப்பட வேண்டுமென்ற ரோசம் அதிகாரிகளுக்கு இருந்தது. எந்தத் தனிக் கழகமும் அன்று இத்தனை வசதிகளை அளித்திருக்க முடியாது.

வீழ்ச்சியும் இதே வேர்களிலிருந்துதான் முளைத்தது. தங்கராஜ் ராணுவத்தை விட்டுக் கல்கத்தா சென்று, முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். புகழும் பணமும் அங்கே இருந்தன. 1962-ல் சீன யுத்தம் மூண்டது. அவ்வருஷம் டுராண்ட் பந்தயமே நடைபெறவில்லை. பட்டாளத்தின் முதல் கடமை எல்லையைக் காப்பது. கோலைக் காப்பது அதற்குப் பிறகுதான். கூர்க்கா பிரிகேட் 1966-லும் 1969-லும் கோப்பையை வென்றது. ஆனால் வெலிங்டனின் பெயர் 1958-க்குப் பிறகு அதில் பொறிக்கப்படவே இல்லை. 1996-ல் தேசிய லீக்கும் 2014-ல் ஐ.எஸ்.எல். பந்தயமும் வந்து, முழுநேர ஆட்டக்காரர்களின் யுகம் பிறந்தது. ரெஜிமெண்டுகள் அதில் இடம் பெறவில்லை.

ராணுவத்தில் கால்பந்து செத்துவிட்டது என்று நாம் கூறவில்லை. ராணுவக் கோஷ்டிகள் 2005-லும் 2016-லும் டுராண்ட் கோப்பையை வென்றன. ஸர்வீஸஸ் கோஷ்டி 2012 முதல் 2024 வரை ஆறு முறை ஸந்தோஷ் கோப்பையை வென்றிருக்கிறது. மறைந்தது ராணுவக் கால்பந்தன்று. வெலிங்டன் என்ற பெயர்தான். மேலிடத்தார் பட்டாளங்களின் சிறந்த வீரர்களை ஒன்று திரட்டுவது தங்கள் நோக்கத்துக்கு ஏற்றதென்று கருதினால், அது அவர்கள் உரிமை. ஆயினும் ஒரு பெரிய கோஷ்டி ஒளி மங்கியபோது குன்னூரிலோ கோயம்புத்தூரிலோ யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஏன்? ஜனங்களுக்கு அதில் எவ்விதப் பாத்தியதையும் இருந்ததில்லை. ரசிகர் கை தட்டலாம். அவருக்கு வோட்டு இல்லை.

அயல்நாடுகளிலும் இதே விதிதான். சயாம் என்று நம் முன்னோர் அறிந்த தாய்லாந்தில், 1916-ல் தோன்றிய ராணுவக் கால்பந்துக் கழகம் நூறு வருஷத்துக்கு மேல் ஆடியது. அந்நாட்டின் முதல்தர லீக்கிலும் இடம் வகித்தது. 2019-ல் அது கலைக்கப்பட்டது. செக் நாட்டு ராணுவம் 1948-ல் நிறுவிய துக்லா பிராக் பதினொரு தடவை தேசிய சாம்பியனாயிற்று. ஆட்சி முறை மாறி ராணுவத்தின் ஆதரவு நீங்கியதும், 1996-ல் வேறோர் ஊர்க் கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தன் அடையாளத்தை இழந்தது.

ஹங்கேரியின் உதாரணம் சற்றே வேறானது. நமக்கு மிகவும் பயனுள்ளது. புடாபெஸ்ட் நகரின் ஓரத்தில், நமது திருவொற்றியூரைப் போலத் தொழிலாளர் நிறைந்த கிஷ்பெஷ்ட் பகுதியில், 1909-லேயே ஒரு கழகம் தோன்றியிருந்தது. 1949-ல் ராணுவ மந்திரி காரியாலயம் அதைத் தன்வசப்படுத்தி ஹோன்வேத் என்று பெயரிட்டது; புஷ்காஷ் முதலிய மகாவீரர்கள் அதில் ஆடினார்கள். 1956 கலகத்துக்குப் பின் புஷ்காஷும் வேறு சிலரும் நாடு திரும்பவில்லை. பிற்காலத்தில் ராணுவத்தின் பிடியும் விலகியது. ஆயினும் அக்கழகம் அழியவில்லை. 2017-ல்கூடத் தேசிய சாம்பியனாயிற்று. ராணுவம் வருமுன்பே பேட்டையில் அதற்கு வேர் இருந்தது. ராணுவம் போன பின்னும் அவ்வேர் உயிரோடிருந்தது.

இனி நம் வடசென்னையைப் பார்ப்போம். வெலிங்டன் முதல் கோப்பையை வென்ற அதே 1955-ல்தான் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. திருவொற்றியூரில் என்பீல்டு கம்பெனி தோன்றியதும், எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்டாக மாறியதும் அவ்வருஷமே. தொழிற்சாலையும் சர்க்கார் உத்தியோகமும் என்றும் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறை வளர்ந்தது. பெரம்பூரில் நூற்றாண்டு கண்ட பின்னி ஆலையே 1996-ல் மூடப்பட்டது. ஆலையே மூடப்படுமானால், ஒரு ஸ்தாபனத்தின் பந்தாட்டக் கோஷ்டி எம்மாத்திரம்?

‘முதலாளிகள் நடத்தட்டுமே’ என்பார் சிலர். சென்னை சிட்டி கழகம் தனியார் பொறுப்பில் கோயம்புத்தூரில் ஆடி, 2018-19-ல் ஐ-லீக் சாம்பியனாயிற்று. சில வருஷங்களுக்குள் அது தேசிய லீக்கிலிருந்தே மறைந்துவிட்டது. உத்தரவால் வாழ்வது உத்தரவால் மாளும்; ஒருவர் பணப்பையால் வாழ்வது அப்பையோடு காலியாகும்.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. ஒவ்வொரு பேட்டையிலும் அங்கத்தினர் சந்தா செலுத்தி, தாமே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் கழகங்கள் தோன்ற வேண்டும். அவை 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகி, வருஷந்தோறும் கணக்கைப் பகிரங்கமாக வைக்க வேண்டும். நகரசபையார் மைதானங்களை நீண்ட காலக் குத்தகைக்கு இக்கழகங்களுக்கு அளிக்க வேண்டும். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 100-க்கு 2 வீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்கிறது. விளையாட்டுப் பயிற்சியும் அப்பணிகளில் ஒன்று. எண்ணூரிலும் மணலியிலும் புகை விடும் ஆலைகள் அப்புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மைதானமாவது அமைத்துத் தருவது பிச்சையாகாது, கடனைத் தீர்ப்பதேயாகும். ஸ்தாபனங்கள் உத்தியோகம் தரட்டும், உதவி செய்யட்டும். ஆனால் உடைமை ஜனங்களிடமே இருக்க வேண்டும்.

ஏழைகளுக்கு இது சாத்தியமா என்று ஐயுறுவோர் வியாசர்பாடியைப் பார்க்கட்டும். 2018-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் கோஷ்டியில் ஆடிய தன்பால் கணேஷ் அப்பேட்டைப் பிள்ளைதான். திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு கழகமும் ஒரு மைதானமுமே குறை. அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு அப்பகுதியின் தொழிற்சங்கத் தலைவர்களையும் நகரசபை அங்கத்தினர்களையும் சார்ந்தது. வெலிங்டனின் பெயர் மங்கியபோது கேட்பாரில்லை. வடசென்னைக் கோஷ்டி ஒன்றைக் கலைக்க நாளை எவரேனும் முற்பட்டால், தடுக்கும் உரிமையுள்ள ஆயிரம் அங்கத்தினர் அங்கே இருக்க வேண்டும். அவர்களைச் சேர்க்கும் வேலையை இன்றே தொடங்குவார்களா?