ஆறுமணிக் குருவி வீட்டுக்கு வந்தால்

சென்ற ஒக்டோபரில் ஒரு நாள், சுபஹுத் தொழுது முடித்த நேரம், முன் ஜன்னலில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பச்சை முதுகும், சிவந்த அடிவயிறும், கண்ணோரம் கறுப்புக் கோடும் கொண்ட சிறிய பறவையொன்று திண்ணையில் கிடந்தது. அது ஆறுமணிக் குருவி.

காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் இதற்கு இப்பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து களைத்து வருவதால் வெளிச்சமுள்ள வீடுகளிலும் கண்ணாடிகளிலும் மோதி விழுவதுண்டு.

தம்பி கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்தான். நான் தடுத்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் காயப்பட்ட மைனா ஒன்றின் அலகைத் திறந்து நான் தண்ணீர் ஊற்றினேன். தாகித்த உயிருக்கு நீர் கொடுப்பது நன்மையல்லவா? ஆனால் அது என் கையிலேயே மூச்சுத் திணறி இறந்தது. பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கின் அடியை ஒட்டியே இருப்பதால், ஊற்றும் நீர் அதற்குள் போய்விடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இம்முறை செய்தது இவ்வளவுதான். மெல்லிய துணியால் பறவையை மூடித் தூக்கி, காற்றுத் துளையிட்ட சப்பாத்துப் பெட்டியில் வைத்தோம். உணவோ நீரோ கொடுக்கவில்லை. பெட்டியை மூடி, சத்தமில்லாத அறையில் வைத்தோம். காட்டுப் பறவைக்கு மனிதன் வேட்டை மிருகம் போன்றவன். தடவுவதும் படமெடுப்பதும் அதன் பயத்தைக் கூட்டும். அந்தப் பயமே அதைக் கொன்றுவிடலாம். இருட்டில் அது அமைதியடையும்.

மோதியதால் மயங்கிய பறவை பெரும்பாலும் ஓரிரு மணித்தியாலங்களில் தெளிந்துவிடும். ஆனால் சிறகு தொங்கினால், இரத்தம் வந்தால், நிற்க முடியாவிட்டால் மிருக வைத்தியரிடமோ வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ கொண்டுசெல்ல வேண்டும். பூனை கடித்த காயம் சிறிதானாலும் கிருமி பரவும், மருந்து அவசியம். முறிந்த சிறகு பொருந்தப் பல நாட்கள் எடுக்கும். அதன்பின்னும் நன்றாகப் பறக்கவும், தானே இரை தேடவும், மனிதரைக் கண்டு விலகவும் முடிந்தால்தான் விடுவிக்கலாம்.

"ராத்தா, இத நாங்க வளப்பமா?" என்று தம்பி கேட்டான். காட்டுப் பறவையைக் கூட்டில் அடைப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். உம்மா அவனுக்கு வேறொன்றைச் சொன்னார். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடி உண்ணவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் அது. தம்பி பேசாமல் இருந்தான்.

இரண்டு மணித்தியாலத்தின் பின் பெட்டிக்குள் கால் சுரண்டும் சத்தம் கேட்டது. பின் வளவில், சருகு நிறைந்த பலா மரத்தடியில் வைத்துத் தம்பிதான் மூடியைத் திறந்தான். குருவி சற்று நின்றது. பின் தத்தித் தத்திச் சென்று, தாழப் பறந்து வேலியைக் கடந்தது.

அன்றே ஜன்னலின் வெளிப்பக்கம் பழைய வலைத்துணியைக் கட்டினோம். கண்ணாடியில் தெரியும் மரத்தை உண்மையான மரமென்று நம்பித்தான் பறவைகள் மோதுகின்றன. நீங்களும் கட்டிப் பாருங்கள்.

மஃரிபு நேரம் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கூவல் கேட்டது. மணி பார்த்தோம். ஆறு.