கியர்ப் பெட்டியின் சிவப்பு எண்ணெய்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் வீடுகளில் பெட்ரோலைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. டயரின் காற்றையும் எஞ்சின் எண்ணெயையும் அவ்வப்போது கவனிக்கிறோம். கியர்ப் பெட்டியின் எண்ணெயை மட்டும் மறந்து விடுகிறோம். பெட்டி முறையிடத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்து விடுகிறது.

தானாகக் கியர் மாறும் வண்டியை ஏராளமாகச் செய்து விற்கும் வழக்கத்தை 1939-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 'ஹைட்ரா-மாடிக்' பெட்டியால் தொடங்கி வைத்தனர். நமது இடது காலுக்கு ஓய்வு கிடைத்தது; அதன் வேலை எண்ணெயின் தலையில் விழுந்தது. இக்காலத்தில் இத்தகைய பெட்டிகள் பலவகை. டார்க் கன்வர்ட்டர் அமைந்த பெட்டியிலோ, எஞ்சினின் சக்தியைக் கடத்துவதும், கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும், பற்சக்கரங்களின் உராய்வைத் தணிப்பதும், உஷ்ணத்தை வெளியேற்றுவதும் ஆகிய நான்கு ஊழியங்களும் எண்ணெய்க்கே.

பெட்ரோலைப் போல் இது எரிந்து தீர்வதன்று. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறதென்றே பொருள். மேன்மேலும் ஊற்றுவது பரிகாரமாகாது. கசிவை அடைக்க வேண்டும்.

அளவுகோல் உள்ள வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் போடுக. பல வண்டிகளில் எஞ்சின் சூடேறி ஓடும்போதே பார்க்க வேண்டும். சிலவற்றில் நிறுத்திய பின். இதில் வண்டியின் கைப்புத்தகமே பிரமாணம். மேல்துண்டோ புடவைத் தலைப்போ விசிறியில் சிக்காதிருக்கட்டும். கோலைத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால், இரு குறிகளுக்கும் நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்தாலும் தீங்கு, மிகுந்தால் நுரைத்துக் கெடும்.

ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதற்குச் சிவப்புச் சாயம் ஊட்டியிருப்பார்கள். நிறம் தெளிவாயிருந்தால் நலம். கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் கிளட்சு கரிகிறது. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. பழுது பார்ப்போரிடம் உடனே காட்டுவதே உசிதம்.

புதிய வண்டிகள் பலவற்றில் அளவுகோலே இல்லை. 'ஆயுட்காலம் முழுதும் மாற்ற வேண்டாம்' என்றும் சிலர் சொல்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்பது நம் கடமை. ஓயாத உஷ்ணத்தில் எந்த எண்ணெயும் நாளடைவில் வீரியம் இழக்கும். கைப்புத்தகம் சொல்லும் தவணையில், அது சொல்லும் ரகத்தையே ஊற்றச் செய்யுங்கள். ரகம் மாறினால் மருந்தே நஞ்சாகும்.

சில படி எண்ணெயில் சிக்கனம் பிடித்து முழுப் பெட்டியையும் இழப்பது சிக்கனமாகாது. ஒரு வீட்டில் வீணாகும் பொருள் தேசத்துக்கும் வீணானதே அல்லவா?