மணிக்கட்டுக்குள் ஒரு தகடு

வழுக்கி விழுகிறவன் தன்னையறியாமல் நீட்டுவது கையைத்தான். சரீரத்தின் பாரமெல்லாம் அந்த உள்ளங்கையின்மேல் இறங்க, கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பாகிய ஆரை எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து புறங்கைப் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. எக்ஸ்ரே பிறப்பதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, 1814-இல், டப்ளின் நகரத்து ரண வைத்தியர் ஆபிரகாம் காலிஸ் இம்முறிவின் லட்சணங்களை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

அதிகம் விலகாத முறிவுக்கு மாவுக்கட்டே போதும். மூட்டின் வழவழப்பான பரப்பு பிளந்து, இழுத்து நேராக்கினாலும் எலும்பு நிலைகொள்ளாமல் நழுவும்போதுதான், எலும்பின்மேல் ஸ்குரூக்களால் பதிக்கும் உலோகத் தகட்டின் அவசியம் எழுகிறது. முற்காலத்தில் அதைப் புறங்கைப் பக்கம் பதித்ததால், விரல்களை நீட்டும் தசைநாண்கள் அதன்மேல் உராய்ந்து நைந்தன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மயாமி நகரத்து வைத்தியர் ஹோர்ஹே ஓர்பே முதலியோரின் முயற்சியால், தசை மெத்தைபோல் மூடிக் காக்கும் உள்ளங்கைப் பக்கத்தில் பதிக்கும் முறை பரவிற்று. இத்தகட்டின் விசேஷம் ஸ்குரூவின் தலையில் இருக்கிறது: தலையிலும் மரை வெட்டப்பட்டிருப்பதால் அது தகட்டின் துளையிலேயே இறுகிப் பூட்டிக்கொள்ள, முதுமையால் பஞ்சுபோல் நொய்ந்த எலும்பையும், பந்தலைக் கால்கள் தாங்குவதுபோல், அந்த ஸ்குரூ வரிசை தாங்கி நிற்கிறது.

ஆனால் தகடு எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானே கூடும் ஆறு வாரகாலம் அதை அசையாமல் பிடித்திருப்பதொன்றே அதன் பணி. அந்தப் பிடிமானத்தால், மாவுக்கட்டுக்குள் கை முடங்கிக் கிடக்கவேண்டிய நாட்களில், பலருக்கு இரண்டு வாரத்திற்குள்ளாகவே மணிக்கட்டை மெல்ல அசைக்கும் சுதந்திரம் கிட்டுகிறது. இதுவே, என் அபிப்பிராயத்தில், இச்சிகிச்சையின் தலையாய பிரயோஜனம். நீர் நிறைந்த குடத்தைத் தூக்கச் சுமார் மூன்று மாதம் பொறுக்கவேண்டும். பிடியின் பலம் ஓராண்டு வரையில் வளர்ந்துகொண்டே போகும். தொல்லை தராத தகட்டை எடுக்கவேண்டியதில்லை.

எல்லோருக்கும் தகடே உத்தமம் என்று கருதலாகாது. வெளியிலிருந்தே நேராக்கக்கூடிய முறிவுகளுக்குக் கம்பி செருகுவதையும் தகடு பதிப்பதையும் 461 பேரிடம் ஒப்பிட்டு, 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சியில், ஓராண்டு முடிவில் கையின் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க பேதம் தென்படவில்லை.

எந்தச் சிகிச்சை பெற்றாலும், கையை உயர்த்தி வைத்து, முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டுங்கள். விரல் மரத்தாலோ, கட்டைவிரலை அசைக்கும்போது உராய்வு தோன்றினாலோ, தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.