மீண்டு வந்த உயிரைப் புகைக்கு விடலாமா?

பேச வெட்கப்படும் நோய் ஒன்றைப் பற்றி இன்று பேசத் துணிகிறோம். வெட்கம் உயிரைவிடப் பெரிதல்ல என்பதால் பேசுகிறோம். விரையில் வரும் புற்றுநோயே அது.

முதுமையைத் தேடி வரும் நோயல்ல இது. 15 வயதிலிருந்து 40 வயதுக்குள், உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவத்திலேதான் பெரும்பாலும் வருகிறது. மேல்நாடுகளில் அதிகம், நம் நாட்டில் அரிது. வலியில்லாத சிறு கட்டி, ஒரு பக்கத்து வீக்கம், இனம் தெரியாத கனம் — பலருக்கு இவ்வளவுதான் அறிகுறி. வலிக்கவில்லையே என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறான் தொழிலாளி. உள்ளே நோய் வளர்கிறது.

உடலெங்கும் பரவிவிட்டால், ஒரு காலத்தில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அபூர்வம். அந்த விதியை மாற்றி எழுதியது விஞ்ஞானம். 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் நுண்ணுயிர்களிடையே மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்தார். பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்த பொருள், உயிரணு பிளந்து பெருகுவதைத் தடுப்பதைக் கண்டார். அதன் வழியே வந்த மருந்துதான் சிஸ்பிளாட்டின். 1974-இல் இண்டியானா பல்கலைக் கழக மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், வேறு இரு மருந்துகளுடன் அதைச் சேர்த்து, பரவிய விரைப் புற்றுக்குக் கொடுத்தார். சாவின் விளிம்பில் கிடந்த இளைஞர்கள் எழுந்து நடந்தார்கள்! தக்க சிகிச்சை கிடைத்தால், இன்று 100 பேரில் 90 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

இத்தனை பாடுபட்டு மீட்ட உயிரிலே பங்கு கேட்கத்தான் வந்து நிற்கிறது புகை.

புகைதான் இந்த நோயைக் கொண்டு வருகிறது என்று நாம் சொல்லவில்லை. பிழைத்தவனைப் பின்தொடர்ந்து வந்து தாக்குகிறது என்றே சொல்கிறோம். எப்படி?

சிஸ்பிளாட்டினோடு சேர்த்துத் தரும் மருந்துகளில் ஒன்று பிளியோமைசின். அதை முறிக்கும் பொருள் நம் நுரையீரலில் குறைவு. ஆகவே சிலருக்கு அங்கே புண்ணும் தழும்பும் உண்டாகி மூச்சு முட்டுகிறது. புகைப்பவருக்கு அந்த ஆபத்து கூடுகிறது. 1996-இல் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு இந்நோய் வந்தபோது, அவருடைய நுரையீரலைக் காக்கவே அம்மருந்தை விலக்கி வேறொன்றைத் தந்தார்கள். ஊக்கமருந்துக் குற்றத்தால் 2012-இல் அவர் பட்டங்களை இழந்தது வேறு கதை. நாம் கேட்பது இதுதான்: பந்தயக்காரனுக்கு வேண்டிய நுரையீரல் மூட்டை சுமப்பவனுக்கு வேண்டாமா?

சிஸ்பிளாட்டின் இரத்தக் குழாயின் உட்சுவரைத் தாக்கும். புகையும் அதே சுவரைத்தான் தாக்கும். இரண்டு அடி விழுந்தால் இதயம் என்ன ஆகும்? நெதர்லாந்தில், இந்நோயிலிருந்து மீண்டு ஐந்தாண்டு கடந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். இதய நோயோ இன்னொரு புற்றுநோயோ பின்னாளில் வரும் அபாயத்தை, மருந்தும் வயிற்றுப் பகுதிக் கதிர்ச் சிகிச்சையும் எவ்வளவு கூட்டினவோ, ஏறத்தாழ அவ்வளவே புகைப்பழக்கமும் கூட்டியது என்பது அதன் சாரம்.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! மருந்தை வேண்டாமென்று சொல்ல முடியாது. அதுதான் உயிர் தந்தது. பீடியை வேண்டாமென்று சொல்ல முடியும். அது தந்தது என்ன?

சொல்வது எளிது, விடுவது கடினம் என்பதை நாம் அறிவோம். ஓயாத வேலைக்கு நடுவே கிடைக்கும் ஒரே ஓய்வு தேநீரும் பீடியும் என்றிருப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் வரவில்லை. அவன் தனியே போராடக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தோழனைப் பார்க்கச் செல்லும்போது, அன்பின் அடையாளமாகச் சிகரெட்டை நீட்டாதீர்கள். அவன் எதிரே பற்ற வைக்காதீர்கள். முடிந்தால் அவனோடு சேர்ந்து நீங்களும் விட்டுவிடுங்கள்.

கட்டி தெரிந்தால் மறைக்காதே. உடனே மருத்துவரிடம் காட்டு. ஒரு விரையை எடுத்தாலும், மற்றது நலமாயிருந்தால் ஆண்மை போய்விடாது. பிழைத்து வந்தபின் புகையைத் தொடாதே. போராடி மீட்ட உயிர் அது. சாம்பலாக்க அல்ல, வாழ்வதற்கு!