திருடனைக் காட்டிக்கொடுக்கும் பசைப் புகை!

தியாகராய நகர் பக்கம் நடைபாதையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியைக் கவனித்திருப்பீர்கள். அறுந்த வாருக்கு ஊசியும் நூலும். பிளந்த அடிப்பாகத்துக்கு ஒரு சொட்டுப் பசை. மக்கள் வாயில் 'ஃபெவிக்விக்' என்று புழங்கும் அந்தப் பசை, நிமிஷத்துக்குள் கல்லாக இறுகிவிடுகிறது. அதையே சூடாக்கி ஆவியாக்கினால், கண்ணுக்குத் தெரியாத கைரேகையை வெள்ளை வெளேரென்று எழுப்பிக் காட்டும் என்றால் வியப்பாக இல்லையா?

வீட்டில் பலரும் நினைப்பதுபோல இந்தப் பசை காய்ந்து ஒட்டுவதில்லை. ஈரம் பட்டால்தான் ஒட்டும்! இதன் ரசாயனப் பெயர் சயனோ அக்ரிலேட். குப்பிக்குள் அதன் மூலக்கூறுகள் தனித்தனியே திரிகின்றன. ஈரத்திலுள்ள எதிர் அயனி, அதாவது எதிர் மின்சாரம் ஏறிய துகள், ஒரு மூலக்கூறைத் தொட்டால் போதும். மின்சாரம் அதன் மறுமுனைக்குத் தாவும். அந்த முனை அடுத்த மூலக்கூறைப் பற்றும். அது அதற்கடுத்ததைப் பற்றும். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்காரம்மா கண்ணி கண்ணியாகத் தொடுப்பதுபோல் சரம் நீண்டுகொண்டே போகும். 'எதிரயனிப் பலபடியாக்கல்' என்று இதற்குப் பெயர். குப்பிக்குள்ளேயே இறுகிவிடாதபடி, உள்ளே துளி அமிலம் சேர்த்து வைக்கிறார்கள். ஆனாலும் சென்னைக் கடற்காற்றின் ஈரத்துக்கு அந்தக் காவல் எம்மாத்திரம்? திறந்த குப்பி மறுமுறை எடுக்கையில் உறைந்து கிடப்பதை அறியாத வீடு உண்டா?

மூன்றாம் கண்ணியில் முடிச்சு

பசையில் சரம் மின்னல் வேகத்தில் வளர்வதால், முதல் இரண்டு மூன்று கண்ணிகள் எப்படி விழுகின்றன என்று பார்க்க முடிவதில்லை. அதைப் பார்க்க 1990-களில் டோக்கியோவில் தமோட்சு கொண்டோ, தட்சுயா சுகுடா ஆகிய விஞ்ஞானிகள் வேறு வழியில் போனார்கள். சயனோ அக்ரிலேட்டுக்கு உறவான அக்ரிலோநைட்ரைலை (அக்ரிலிக் நூலுக்கு மூலப்பொருள் இது) ஆவியாக்கி, நுண்துளை வழியே வெற்றிடத்துக்குள் பீறிட வைத்தார்கள். ஆவி சட்டெனக் குளிர்ந்து, சில மூலக்கூறுகளே கொண்ட சிறு கொத்துகளாயிற்று. அந்தக் கொத்துக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்ததும் சரம் தொடங்கியது. ஆனால் மூன்று மூலக்கூறுகள் சேர்ந்தவுடன் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையமாக அது மூடிக்கொண்டதற்கு ஆதாரம் கிடைத்தது. தொடுத்த சரம் மூன்றாம் கண்ணியிலேயே முடிச்சு விழுந்து நின்றுவிட்டது!

வேண்டாத பசை

இந்தப் பசை பிறந்த கதையும் வேடிக்கைதான். 1942-இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் துப்பாக்கியின் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடினார். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு இது தொல்லை கொடுத்ததால் ஒதுக்கிவிட்டார். 1951-இல் அவருடைய குழுவினர் ஓர் ஆய்வுக் கருவியின் கண்ணாடிப் பட்டகங்களைப் பிரிக்க முடியாமல் ஒட்டவைத்துவிட்டார்கள். அப்போதுதான் கூவருக்குப் பொறி தட்டியது. 1958-இல் பசை கடைக்கு வந்தது.

போலீசாருக்கு இது துணையானது ஜப்பானில். 1977-இல் தடய ஆய்வாளர் ஃபூசியோ மாட்சுமுரா, ஒரு கொலை வழக்கில் கிடைத்த முடிகளை இந்தப் பசையால் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். தகட்டில் தம் விரல் ரேகையே எழும்பி வருவதைக் கண்டார். சக ஆய்வாளர் மசாட்டோ சோபாவிடம் சொல்ல, அவர் அதை ஒரு முறையாக வளர்த்தார்.

சூட்சுமம் என்ன? விரல் தொட்ட இடத்தில் ரேகையின் மேடுகள் மட்டும் வியர்வையை விட்டுச் செல்கின்றன. வியர்வையின் ஈரமும் உப்பும் எதிர் அயனிகளைத் தருகின்றன. பசை ஆவி அங்கே பட்டு, வெள்ளை இழைகளாக வளர்கிறது. பள்ளங்களில் ஒன்றும் படிவதில்லை.

மயிலாப்பூரில் ஒரு பழைய மரபு

குற்றத்தைச் சோதனைக்குழாயில் தேடும் வேலை சென்னைக்குப் புதிதல்ல. விஷச் சாவுகளை ஆராய, இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் கூடம் 1849-இல் சென்னையில்தான் தோன்றியது. அந்த வழியில் வந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறை, இன்று மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில் இயங்குகிறது. பசைப் புகை முறையும் இந்நாட்டுக் கைரேகை நிபுணர்களின் பாடத்தில் சேர்ந்துவிட்டது.

வேலை பார்வைக்கு எளிது. மூடிய பெட்டி, அடுப்பின் மேல் அலுமினியக் கிண்ணத்தில் சில சொட்டுப் பசை, உள்ளே தேவையான ஈரம். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் அளவில் இருந்தால் ரேகை நன்றாக எழும்பும். பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் இவற்றுக்கே இது பொருந்தும். காகிதத்துக்கு வேறு மருந்து. பழைய ரேகையில் ஈரம் வற்றியிருக்கும், மங்கலாகத்தான் எழும்பும். ஆகவே சம்பவ இடத்தில் கிடைத்த பொருளைக் கிடப்பில் போடுவது குற்றவாளிக்குச் செய்யும் உபகாரம்.

புகையை நிறுத்தும் நேரம்தான் நிபுணரின் கைத்திறன். கொஞ்சம் அதிகமானால் பள்ளங்களிலும் வெள்ளை படிந்து ரேகை முழுவதும் அப்பிவிடும். படிந்ததைச் சுரண்டி எடுக்க வழியில்லை. கத்திப் பிடியில் இருந்த ஒரே ரேகை அதுவானால், அது குற்றவாளியுடையதா, குற்றமற்ற வேறொருவருடையதா என்று சொல்ல அப்புறம் யாராலும் ஆகாது. அதனால்தான் நிபுணர் பெட்டிக்கு எதிரிலேயே நிற்கிறார். முதல் வெள்ளைக் கோடு தெளிந்ததும் புகையை நிறுத்திவிட்டுக் காமிராவை எடுக்கிறார்.