சுந்தரிக்கு நல்ல தண்ணீர் வேண்டும்

செயற்கைக்கோள் படத்தில் சுந்தரவனத்துக்குப் பெரிய குறை எதுவும் தெரியாது. இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாக, நீர்ப்பரப்பையும் சேர்த்துச் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் விரிந்துகிடக்கும் அந்த அலையாத்திக் காடு மேலிருந்து பார்த்தால் பச்சைப்பசேலென்றுதான் இருக்கிறது. கீழே இறங்கி, நிற்பது எந்த மரம் என்று கேட்டால்தான் வில்லங்கம். காட்டின் அடையாளமான சுந்தரி மரம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது ‘அழியும் ஆபத்தில் உள்ள இனம்’.

சுந்தரியை அடையாளம் காண்பது எளிது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மின்னும். அடிமரம் பலகை வேர்களை ஊன்றி நிற்கும். சுற்றிலும் சேற்றைக் கிழித்துக்கொண்டு மூச்சுவேர்கள் எழும்பியிருக்கும். கட்டை வைரம் பாய்ந்தது, தண்ணீரில் போட்டால் மூழ்கும். படகு கட்டவும் வீட்டுக்குத் தூண் நடவும் வங்காளிகள் இதைத்தான் தேடினார்கள். வங்கதேசம் 1989-இல் வெட்டுக்குத் தடை போட்டது. திருட்டு வெட்டு அடியோடு நிற்கவில்லை என்றாலும், கோடாலி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. மரம்தான் தேறவில்லை.

முதலில் உச்சிக் கிளைகள் இலை உதிர்த்து மொட்டையாகும். பிறகு காய்வது கீழே இறங்கும். கிளைகளில் முடிச்சு முடிச்சாக வீங்கும். பூஞ்சையும் துளைப்பூச்சியும் புகுந்துகொள்ள, நின்ற நிலையிலேயே மரம் பட்டுப்போகும். வங்காளத்தில் இதை ‘ஆகாமரா’ நோய் என்கிறார்கள். மூச்சுவேரை மூடும் வண்டல், புயல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னாலும், ஆய்வாளர்கள் அதிகம் கைகாட்டுவது உப்பை.

அலையாத்திக் காட்டு மரமென்றால் உப்புநீரில் செழிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எல்லாம் ஒரே ரகமில்லை. வெண்கண்டல் இலை வழியாகவே உப்பைக் கக்கிவிடும். அந்த இலையை நாக்கால் தொட்டால் கரிக்கும். சுந்தரி இலையில் அப்படிப்பட்ட சுரப்பிகள் இல்லை. ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் வந்து கடலின் உப்பைத் தணித்தால்தான் அது தழைக்கும்.

அந்தத் தண்ணீர்தான் குறைந்தது. கொல்கத்தா துறைமுகத்தில் சேரும் வண்டலை அடித்துச் செல்ல, 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா தடுப்பணை கங்கையின் ஒரு பங்கை ஹூக்ளிக்குத் திருப்பிவிட்டது. கங்கையிலிருந்து பிரிந்து சுந்தரவனம் நோக்கிப் போகும் கோராய் ஆறு, மழையில்லாத மாதங்களில் வாய் தூர்ந்து வறளத் தொடங்கியது. அணையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. கங்கை பல நூற்றாண்டுகளாகவே கிழக்கே ஒதுங்கி வருகிறது. காட்டின் இந்தியப் பக்கத்தில் சுந்தரி அரிதாக இருப்பதற்கு அதுவும் காரணம்.

சுந்தரி விட்டுப்போகும் இடத்தைப் பிடிப்பவற்றில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த மரம்: தில்லை. பிச்சாவரத்தில் நிற்கும், சிதம்பரத்தின் தலமரமான அதே தில்லை, வங்காளிகளுக்குக் கேவா. பால் பட்டால் கண் எரியும் என்பதைத் தவிர அதன்மேல் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. உப்பைச் சுந்தரியைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆனால் கட்டையின் உறுதியில் சுந்தரிக்குக் கிட்டே வராது. ‘இத்தனை ஹெக்டேரில் அலையாத்தி நட்டோம்’ என்று வரும் அறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம், எந்த அலையாத்தி என்று கேட்கத் தோன்றுகிறது.

1996-இல் இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட கங்கை நீர் ஒப்பந்தம், ஜனவரி முதல் மே வரை ஃபராக்காவுக்கு வரும் தண்ணீரைப் பங்கிடுகிறது. வரத்து வினாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. சுந்தரவனத்தில் உப்பு ஏறுவதும் சுந்தரி பூப்பதும் இந்த மாதங்களில்தான். 30 ஆண்டு ஒப்பந்தம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அடுத்த பேச்சில் பாசனத்துக்கும் துறைமுகத்துக்கும் குடிநீருக்கும் வாதாட ஆள் இருக்கும். காட்டுக்கென்று இத்தனை கன அடி என ஒரு வரியைச் சேர்த்தால், வனத்துறை நடும் நாற்றுகளைவிடச் சுந்தரிக்கு அது அதிகம் உதவும்.