கப்பலில் மகன் எங்கே படுப்பான்?

யுத்த காலத்தில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, இப்போது கண்டிக்கு அருகே வாழும் ஓர் அம்மா அண்மையில் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, மகன் பயணிகள் கப்பலிலை சமையல் உதவிக்குப் போகப்போறான். அங்கை எங்கை படுப்பான்?" பங்கருக்குள் இரவுகளைக் கழித்தவர் அவர். மகனும் தண்ணீருக்கு அடியில் படுக்க வேண்டி வருமோ என்பதே அவரது பயம்.

சகோதரிகளே, பிள்ளையைக் கடலுக்கு அனுப்பும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

பாய்மரக் கப்பல் காலத்தில் சாதாரண மாலுமிகள் கப்பலின் முன்பகுதியில் படுத்தார்கள். அலையில் அதிகம் ஏறி இறங்கும் பகுதி அது. நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. இன்றைய சரக்குக் கப்பல்களில் பெரும்பாலும் பின்புறத்தில், இயந்திர அறைக்கு மேலே மாடிவீடு போலத் தங்குமிடம் இருக்கும். அங்கே இரைச்சலும் அதிர்வும் தொல்லை தரலாம்.

சர்வதேச தொழிலாளர் தாபனம் 2006இல் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை நிறைவேற்றியது. அது 2013இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி படுக்கையறை கப்பலின் நடுவிலோ பின்புறத்திலோ, சுமைக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். பாரம் ஏற்றிய கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்டும் அடையாளமே சுமைக்கோடு. கட்டில் 198 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் 80 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் குறையக் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் வேண்டும்.

ஆனால் பயணிகள் கப்பலுக்கு விலக்கு உண்டு. வெளிச்சமும் காற்றோட்டமும் போதிய அளவு இருந்தால், சுமைக்கோட்டுக்குக் கீழேயும் அறை அமைக்கலாம். மூவர் படுக்கும் அறை 11.5 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. நமது தோட்டங்களில் ஒரு குடும்பமே வாழும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இதை மறைக்காமல் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "காத்து வருமெண்டால் சரி. எத்தனை பேரோடை எண்டு கேட்கச் சொல்லுறன்" என்றார்.

நீங்களும் கேளுங்கள். கப்பலின் பெயர் என்ன? எந்த நாட்டுக் கொடி? எந்த ஆண்டில் கட்டியது? கொடி நாட்டில் சமவாயம் நடைமுறைக்கு வருமுன் கட்டிய கப்பலுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் மூலப்பிரதி ஒன்று மகன் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் போன்றவற்றின் செலவு அவருடையதாகலாம். ஆனால் வேலை எடுத்துக் கொடுப்பதற்கென்று முகவர் பணம் கேட்பதைச் சமவாயம் தடை செய்கிறது. நகையை அடகு வைக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.